பரஸ்தானம் போன பெட்டி

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சவரக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்த சுப்பராமன், தன் கனைப்பைத் தானே கேட்டார். அவர் கனைக்கவில்லை.

எதிர்வீட்டிலிருந்து வந்தது. அடித்தொண்டையில் ஒரு உருட்டல், சின்ன இடைவெளி, பிறகு கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு. சந்தேகத்துக்கே இடமில்லை. இருபத்திரண்டு வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் பாடுபட்டு உருவாக்கிய கனைப்பு அது. அதைக் கேட்டதும் செக்‌ஷனில் டைப்ரைட்டர்கள் வேகம் பிடிக்கும். நடந்துகொண்டிருக்கும் வம்பு பாதி வாக்கியத்தில் செத்துவிழும். அவர் சொந்தமாகச் சம்பாதித்தது என்று சொல்ல வேறு அதிகமில்லை.

"இதோ வந்துட்டேன்," என்றாள் சமையலறையிலிருந்து அவர் மனைவி ஜெயலக்ஷ்மி.

கையில் காபி டம்ளரோடு வந்தவள் அவர் முகத்து நுரையைப் பார்த்து நின்றாள். "என்ன, கூப்ட்டேளா?"

"நான் கூப்பிடலை."

"பின்னே யார் கனைச்சா?"

"எதிராத்துல யாரோ."

"எதிராத்துல பங்கஜம் மாமி ஒருத்திதான். அவ இப்படிக் கனைக்கறதா இருந்தா அவளுக்கும் ஒரு ஆபீஸ் ரூம் குடுத்திருப்பா." டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

எதிர்வீட்டில் பங்கஜம் மாமியைத் தவிர இன்னொன்றும் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து இருந்தது. அதைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று சுப்பராமன் கத்தியைத் தாடைக்குக் கொண்டுபோனார். தேங்காய் ஓட்டைச் சுரண்டுகிற சத்தம் வந்தது. துடைத்துப் பார்த்தபோது, தாடைக்குக் கீழே வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோல் உரிந்து தொங்கியது. இழுத்தார். வலிக்கவில்லை. இன்னும் வந்தது.

இரண்டு வருஷம் முன்னால் அவரை ஆறு மாதப் பயிற்சிக்கு ஆஸ்திரேலியா அனுப்பினார்கள். கூடப் போனவர்கள் டிரான்சிஸ்டரும் நைலான் புடவையுமாகத் திரும்பினார்கள். சுப்பராமன் கோட்டுப் பையில் ஒரு ஓணானோடு திரும்பினார். அது ஓணான் இல்லை, பியர்டட் டிராகன், தாடி வைத்த டிராகன் என்று தெருவில் வீடு வீடாகப் போய்த் திருத்தினார். ஒரு முழ நீளம், மணல் நிறம், தாடைக்குக் கீழே முள் முள்ளாகத் தாடி. கோபம் வந்தால் தாடி உப்பிக் கறுக்கும். தெப்பக்குளத்துப் படியில் இல்லாத ஓணானையா மனுஷன் கடல் தாண்டிப் போய்ப் பிடித்து வந்தான் என்று தெரு கேட்டது. கேட்டுவிட்டு அதற்கு துரை என்று பேரும் வைத்தது. சுப்பராமன் தச்சனைக் கூப்பிட்டு, மாடி அறையின் தெருப்பக்க ஜன்னல் மாடத்துக்கு உள்பக்கம் கம்பிவலைக் கதவு ஒன்றும் கொக்கியும் போட்டு, மேலே அறுபது வாட் பல்ப் ஒன்றை எரியவிட்டு, துரைக்கு பங்களா கட்டிக்கொடுத்தார்.

நூலகக் கூடத்தில் அதை மேஜைமேல் வைத்துக்கொண்டு 'விஞ்ஞான மனப்பான்மை' என்று ஒரு மணி நேரம் பேசியதும் உண்டு. முதல் அரை மணி, சகுனமும் சூலமும் ராகு காலமும் கோழைகளின் ஊன்றுகோல் என்று. அடுத்த அரை மணி, துரையின் பாஷை. "தலையை மேலும் கீழும் ஆட்டினால் அது பெரியவன். ஒரு கையைத் தூக்கி மெதுவாகக் காற்றில் சுற்றினால் சின்னவன். 'உன்னைப் பார்த்துவிட்டேன், நீதான் பெரியவன், என்னை விட்டுவிடு' என்று பொருள்." இதைச் சொல்லிவிட்டுக் கனைத்தார். துரை கையைத் தூக்கிச் சுற்றியது. கூட்டம் கைதட்டியது. அதற்கப்புறம் வீட்டில் அவர் எப்போது கனைத்தாலும் அது கையைத் தூக்கும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கனைத்துப் பார்ப்பார்.

இந்த ஐப்பசியில் டெல்லிக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. டிக்கெட் கிடைத்தது புதன்கிழமை. புதனன்று வடக்கே சூலம்; அந்தத் திசையில் கிளம்பக் கூடாது. மயிலாப்பூரில் இதற்கு ஒரு வழி உண்டு. நல்ல நாளில், நல்ல வேளையில், பிரயாணம் போகிறவனுடைய சாமான் ஒன்றை அவன் உடுத்திய துணியோடு வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அவன் அப்போதே புறப்பட்டுவிட்டான் என்று அர்த்தம். பரஸ்தானம் வைப்பது என்று பேர். அப்புறம் எந்த நாளில் வேண்டுமானாலும் போகலாம், போகிற வழியில் சாமானை எடுத்துக்கொண்டு. வெளியே போனது மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது, பிரயாணம் போயே தீரவேண்டும், அவ்வளவுதான்.

ஊன்றுகோலைப் பற்றிப் பேசியவர் அதை ஊன்றிக்கொண்டு தெருவில் நடப்பது எப்படி? விடியற்காலை சூட்கேஸோடு எதிர்வீட்டுப் படியேறினால் பால்காரன்கூடச் சிரிப்பான். ஃபைல்களுக்கு நடுவே வளர்ந்த மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. துரையின் பிரயாணப் பெட்டியை அனுப்பினார். வீடு ஒழிக்கிற சந்தடியில் ஒரு பிராணியை எதிர்வீட்டில் விட்டுவைப்பதில் எவன் சகுனம் கண்டான்? பெட்டிக்கு அடியில் தாம் முந்தின நாள் உடுத்திய வேஷ்டியை, முனையில் மஞ்சள் தடவி, மடித்துப் போட்டார். திங்கள் காலை ஆறே கால் மணிக்கு, மூடிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "அனுஷ நட்சத்திரம், சுப்பராமன் புறப்பட்டாச்சு."

சல்லடைத் துவாரம் வழியாக துரை அவரைப் பார்த்தது. இரண்டு வருஷமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தது, அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை ஆட்டியது. மேலும் கீழும். இரண்டு தரம்.

செவ்வாய்க்கிழமை சென்ட்ரல் பார்சல் ஆபீசுக்குப் போனார். குமாஸ்தா விரலில் எச்சில் தொட்டு ஒரு தடிப் புஸ்தகத்தைப் புரட்டினான். "நாய்க்கு ரேட்டு கீது, கோழிக்கு கீது, கொரங்குக்குக்கூட கீது. ஓணானுக்கு இல்ல சார்."

"டிராகன்," என்றார் சுப்பராமன்.

"அதுக்கும் இல்ல சார்."

அவமானம் என்று அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. ராத்திரி சாப்பாட்டில், கொள்கை முடிவு அறிவிக்கிற குரலில் அறிவித்தார். "டெல்லிக் குளிர் அதுக்கு ஆகாது. இங்கேயே கிடக்கட்டும். ஒரு ஜந்துவுக்காக மூணு பேர் பிரயாணத்தைக் கெடுத்துக்க முடியாது."

"பாவம்ப்பா," என்றாள் நீரஜா. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரே பெண். "அதுக்கு நம்மளை விட்டா யார் இருக்கா?"

ஜெயலக்ஷ்மி ரசத்தைக் கரண்டியால் கலக்கினாள். "பரஸ்தானம் போனதை எப்படி விட்டுட்டுப் போறது?"

"அதெல்லாம் மூட நம்பிக்கை."

"அப்ப எதுக்கு வெச்சேள்? வேஷ்டி முனையில மஞ்சள் தடவினதை நான் பாக்கலேன்னு நினைச்சேளா?" கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டியது. "உங்க பேரைச் சொல்லி அதை அனுப்பியாச்சு. இப்ப அது போகணுமா நீங்க போகணுமான்னு நீங்களே உக்காந்து முடிவு பண்ணுங்கோ."

முடிவு பண்ணினார். அது போகாது. புதன்கிழமை சாயங்காலம் வண்டி ஏறுவதற்கு முன்னால் டிரைவரிடம் அதை மிருகக்காட்சி சாலை வாசலில் விட்டுவிடச் சொல்வது என்று, படுத்துக்கொண்டே. அந்த நேரத்திலிருந்துதான் குளிர ஆரம்பித்தது.

சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு சுப்பராமன் மாடித் தெருப்பக்க அறைக்கு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கட்டி வைத்த சாக்கு மூட்டைகளிலிருந்து ஈரச் சணல் வாடையும், அலமாரி இருந்த இடத்திலிருந்து பாச்சை உருண்டை வாடையும், எங்கோ கோயில் பக்கத்திலிருந்து நனைந்த மணியோசையும் வந்து, சாமான் இல்லாத சுவர்களில் மோதி, போக வழி தெரியாமல் சுற்றின. இரண்டு சட்டை, மேலே சால்வை. அப்படியும் எலும்புக்குள் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. துரையின் ஜன்னல் மாடத்தில் பல்ப் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வலைக்கதவைத் திறந்து, கையை மட்டும் உள்ளே நீட்டினார். அப்பாடா என்றிருந்தது. காய்ச்சல்தான், வேறென்ன. பருவம் மாறுகிற நேரம். இன்னொரு கையையும் நீட்டினார்.

விளிம்பில் ஒரு கட்டெறும்பு போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எறும்பைக் காணோம். வாயில் புளித்தது.

ஒரு மணி சுமாருக்குப் பங்கஜம் மாமி படியேறி வந்தாள். தனியாக இருக்கிறவள், யாரையும் இடித்துப் பேச சந்தர்ப்பம் கிடைத்தால் மழையைப் பார்க்க மாட்டாள். வாசற்படியிலேயே நின்று ஜெயலக்ஷ்மியிடம் பேசினாள்.

"உங்காத்து துரை பரம சாதுடியம்மா. காலம்பர பெட்டியைத் திறந்துவிட்டுப் பேப்பரை விரிச்சேன். அது மேல உக்காந்துண்டு ஒவ்வொரு பத்தியா பாத்துண்டிருக்கான். காபி டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கலை. பாவமேன்னு ஒரு வாய் வெச்சேன். சக்கரை போறலை போலிருக்கு, மூஞ்சியத் திருப்பிண்டுட்டான்."

"இவருக்கும் ரெண்டு ஸ்பூன் வேணும்," என்றாள் ஜெயலக்ஷ்மி.

"அந்த வேஷ்டியை எப்படிப் போத்திண்டிருக்கான்கறே? மூலக்கச்சமாக் கட்டிக்கறதுதான் பாக்கி." சிரித்தாள். சிரிப்பு பாதியில் தளர்ந்தது. "ஒண்ணு சொல்லணும். திங்கக்கிழமை அந்தப் பெட்டியை ஒத்தக் கையால தூக்கி உள்ள வெச்சேன். இன்னிக்குப் பெருக்கலாம்னு நகத்தினேன். நகரலை."

அறைக்குள்ளிருந்து சுப்பராமன் கூப்பிட நினைத்தார். அதை வெளியே வைத்துவிடு, தெருவில் வை, மழையில் வை. தொண்டையைச் சரிசெய்துகொள்ள ஒரு கனைப்புக் கனைத்தார்.

ஒன்றும் வரவில்லை. தொண்டை மட்டும் உப்பியது. சட்டைப் பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டது.

எதிர்வீட்டிலிருந்து கனைப்பு வந்தது. உருட்டல். இடைவெளி. இரண்டு.

"பாத்தியா, கூப்பிடறார்," என்று சொல்லிவிட்டுப் பங்கஜம் மாமி அவசரமாகப் படியிறங்கினாள். 'கூப்பிடறான்' என்று அவள் சொல்லவில்லை. ஜெயலக்ஷ்மியும் அதைத் திருத்தவில்லை.

மூன்று மணிக்கு ஆபீஸ் அம்பாசிடர் வந்து நின்றது. டிரைவர் கனகராஜை டெல்லிக்கென்று தைத்த சூட்டை தி. நகர் டெய்லரிடமிருந்து வாங்கிவரச் சொல்லியிருந்தார் சுப்பராமன். கனகராஜ் வெறுங்கையோடு மாடி ஏறி வந்தான். அறை வாசலில் நின்றவன் அவரைப் பார்த்து ஒரு கணம் விழித்தான்.

"எப்ப சார் இங்க வந்தீங்க?"

"சூட் எங்கே?" குரல் சருகு உரசுகிற மாதிரி இருந்தது.

"இன்னா சார், கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"சூட்."

"அதான் குட்த்துட்டேனே. எதிர் வூட்டாண்ட வண்டி நிறுத்தினேன், நீங்க கனைச்சீங்க, கதவு சந்துல கை நீட்டி வாங்கிகினீங்க." கனகராஜ் தன் உள்ளங்கையை சட்டையில் துடைத்தான். "கை ஐஸாட்டம் இருந்திச்சு சார். சொரசொரன்னு. ஒடம்பு சரியில்லியா?"

சுப்பராமன் எழுந்திருக்க முயன்றார். அப்போதுதான் தெரிந்தது, அவர் ஜன்னல் மாடத்துக்குள் உட்கார்ந்திருந்தார். எப்போது ஏறினார் என்று நினைவில்லை. இரண்டடி ஆழ மாடம். காலை மடக்கி, முழங்கையை ஊன்றி, பல்புக்கு நேர் கீழே. இடம் பத்தாமல் இருந்திருக்க வேண்டும். பத்தியது. இன்னும் கொஞ்சம் மீதியும் இருந்தது.

"கிட்ட வா," என்றார். கனகராஜ் குனிந்தான். "எதிர்வீட்டுல பெட்டி. அதை எடு. கொண்டுபோய் விட்டுடு. திறக்காதே. எங்கயாவது. ரயில் ஏறறதுக்கு முன்னாடி."

"ஓணானையா? அய்யே, அத்த நா தொடமாட்டேன் சார், மொறைக்குது."

"தொடு. நான் சொல்றேன். உன் ஆபீஸர் சொல்றேன்."

கனகராஜ் அவரை உற்றுப் பார்த்தான். பதினொரு வருஷம் அவருக்குக் கார்க் கதவு திறந்தவன். அந்தப் பார்வையில் முன்னே இருந்த பயம் இல்லை. மதில்மேல் இருக்கிற ஒன்றை, கல்லெடுப்பதா வேண்டாமா என்று பார்க்கிற பார்வை.

தெருவுக்கு அந்தப் பக்கம் கனைப்பு கேட்டது.

கனகராஜ் விறைப்பாக நிமிர்ந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "தோ வந்துட்டேன் சார்," என்று எதிர்வீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினான்.

வெளிச்சம் குறைந்தது. மழை வலுத்தது. வீட்டுக்குள் சாமான்கள் ஒவ்வொன்றாக இறங்குகிற சத்தம்: டிரங்குப் பெட்டி படியில் இடித்தது, பித்தளை அண்டா முனகியது, நீரஜாவின் செருப்பு ஏறி இறங்கியது. யாரும் அவரைத் தேடவில்லை. இத்தனை நேரம் எங்கே போனீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. புறப்படுகிற வீட்டில் ஒரு ஆள் குறைந்தால் தெரிய வேண்டாமா? குறையவில்லை போலிருந்தது.

கடைசியாக ஜெயலக்ஷ்மி அறைக்கு வந்தாள். ஏதாவது விட்டுப்போயிற்றா என்று மூலை மூலையாகப் பார்த்தாள். மாடத்துக்கு முன்னால் வந்து நின்றாள். நேருக்கு நேர். இருபது வருஷ மனைவி. அவர் வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தது. மூச்சுதான் வந்தது.

ஜெயலக்ஷ்மியின் முகம் சுளித்தது. அந்தச் சுளிப்பு அவருக்குத் தெரியும். இரண்டு வருஷமாக தினம் காலையில் இந்த மாடத்தைப் பார்த்து அவள் சுளித்ததுதான்.

வலைக்கதவைச் சாத்தினாள். கொக்கியை மாட்டினாள். பழக்கம்.

சுவிட்சை அணைத்தாள்.

சூடு போயிற்று. மெதுவாகப் போகவில்லை, உருவிக்கொண்டு போயிற்று. கால் அசையவில்லை. விரல்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தன. விரல்களை அவர் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று இருந்தார். கீழே வாசற்கதவு சாத்துகிற சத்தம். பூட்டு. ஒரு தரம் இழுத்துப் பார்த்தது. இன்னொரு தரம்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

முதலில் பங்கஜம் மாமி, சுவரோடு ஒட்டிக்கொண்டு. பிறகு குடையை விரித்துப் பிடித்தபடி கனகராஜ், முதுகு வளைந்து. குடைக்குக் கீழே சூட். சாம்பல் நிறம், தி. நகர் தையல், தோள் கச்சிதம். கழுத்தில் மஃப்ளர். மயிலாப்பூரில், ஐப்பசியில், மஃப்ளர். மேலே முகம் குடை நிழலில் இருந்தது. நடை அவசரமில்லாமல் இருந்தது. ஒரு எட்டு. நிற்பது. இன்னொரு எட்டு.

காருக்குள் உட்கார்ந்திருந்த நீரஜா கண்ணாடியை இறக்கினாள். மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, அது அங்கயே இருக்கு பாரு. எடுத்துண்டு போயிடலாம்ப்பா. பாவம்ப்பா."

நீரஜா. அவளுக்குத் தெரிகிறது. சுப்பராமன் கம்பியில் முகத்தை அழுத்தினார். நெற்றி கம்பிகளுக்கு நடுவே போயிற்று. காது வரை போயிற்று. போகக் கூடாதே. நீரஜா, நான். அம்மாடி, நான்.

"என்ன பண்றது?" என்றாள் ஜெயலக்ஷ்மி, சூட்டைப் பார்த்து. "எடுத்துண்டு போறதா, வேண்டாமா? முடிவாச் சொல்லுங்கோ. நேரமாயிடுத்து."

உருட்டல். இடைவெளி. இரண்டு.

"டெல்லிக் குளிர் அதுக்கு ஆகாது." அவருடைய குரல். அவருடைய நிறுத்தம். ஒரு சொல் பிசகவில்லை. "இங்கேயே கிடக்கட்டும். ஒரு ஜந்துவுக்காக மூணு பேர் பிரயாணத்தைக் கெடுத்துக்க முடியாது."

"சரி," என்றாள் ஜெயலக்ஷ்மி. கனகராஜ் பின்கதவைத் திறந்தான். நீரஜா கண்ணாடியை ஏற்றினாள்.

சூட் உடனே ஏறவில்லை. குடை விலகியது. முகம் மாடியை நோக்கி நிமிர்ந்தது. மஃப்ளர் உப்பியது. விளிம்பில் கறுப்பாக ஏதோ பிதுங்கியது. தலை அசைந்தது.

மேலும் கீழும்.

இரண்டு தரம்.

சுப்பராமனின் வலது கை, அவரைக் கேட்காமல், கம்பியை விட்டு எழுந்தது. மெதுவாக. காற்றில் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். கதவு சாத்தி, கார் முனை திரும்பி, சிவப்பு விளக்கு மழையில் கரைந்து, தெருவில் ஒருவரும் இல்லாமல் போன பிறகும், அது சுற்றிக்கொண்டே இருந்தது.